கலைச்சொல் இழை: பாலோரம், பேச்சு மரியாதை

பொருள்: செக்சிசம், சிவிலிட்டி – இரண்டுக்கும் சொல் தேவை

குழுவினர்க்கு வணக்கம்.

தேர்தல் வேட்பாளர்களைப் பற்றிய இணைய வாதங்களை மட்டுறுத்துவோர்க்கு (பின்னூட்டங்களைப் பார்த்து வெளியிடவோ நீக்கவோ செய்வோர்க்கு) ஒரு கையேடு தமிழில் தயாராகிறது. அதில் இரண்டு சொற்கள் இடிக்கின்றன. இப்போதைய வரைவில் செக்சிசத்துக்கு 'பாலினப் பாகுபாடு', சிவிலிட்டிக்கு 'நாகரிகம்' என்று இருக்கிறது. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை.

பாகுபாடு என்பது எதையாவது பங்கிடும் இடத்தில் நடப்பது. வேலை, கூலி, தொகுதி ஒதுக்கீடு இவற்றில் பெண்ணைத் தள்ளிவைத்தால் அது பாகுபாடு. ஒரு வேட்பாளரின் தலைமுடியைப் பற்றி நாற்பது பேர் பின்னூட்டம் போடும்போது அங்கே யாரும் எதையும் பங்கிடவில்லை. 'ஆணாதிக்கம்' ஓர் அமைப்பின் பெயர், அதை ஒற்றை வாக்கியத்தின் மேல் ஒட்ட முடியாது. 'பெண்வெறுப்பு' மிசோஜினிக்கு நிலைத்துவிட்டது. தவிர, உளவியலர்கள் பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் இருவரும் செக்சிசத்தை அளக்க 1996இல் வெளியிட்ட அளவையில் உள்ள 22 கூற்றுகளில் 11 பகைமை வகை, 11 பரிவு வகை. "இவ்வளவு மென்மையான அம்மையாரை இந்தச் சாக்கடையில் ஏன் இறக்கினீர்கள்?" என்பது இரண்டாம் வகை. இதில் வெறுப்பைத் தேடினால் கிடைக்காது.

சொல்லுக்கு நான்கு இடத்தில் வேலை இருக்கிறது: புகார்ப் பொத்தான், நீக்க அறிவிப்பு, மட்டுறுத்துநர் குறிப்பு, புள்ளிவிவரத் தலைப்பு. பொத்தானில் அடங்க வேண்டும். வினையாகவும் அடையாகவும் வளைய வேண்டும்.

— க.

மறு: செக்சிசம், சிவிலிட்டி

க. அவர்களுக்கு,

பால்வாதம் அல்லது பாலியல்வாதம் என்று வைத்துவிடலாமே. மூலச்சொல்லே ரேசிசத்தைப் பார்த்து வார்த்தது. 1965இல் பவுலின் லீட் ஒரு கல்லூரி உரையில் அந்த ஒப்புமையை வைத்துத்தான் அதைப் பயன்படுத்தினார். நம்மிடம் இனவாதம், சாதியவாதம் ஏற்கெனவே ஓடுகின்றன. அதே தடத்தில் போனால் வாசகருக்கு விளக்கமே தேவைப்படாது.

— ம.

மறு: செக்சிசம், சிவிலிட்டி

ம. ஐயா, தடம் சரிதான், வண்டிதான் கவிழ்கிறது.

தமிழ்ச் செய்தி மொழியில் 'பாலியல்' என்ற சொல்லுக்குப் பின்னால் வருபவை தொல்லை, வன்முறை, வழக்கு, குற்றச்சாட்டு. "வேட்பாளர் மீதான பாலியல் கருத்து நீக்கப்பட்டது" என்று ஓர் அறிவிப்பு வந்தால், படிப்பவர் அங்கே ஆபாசம் இருந்தது என்றோ வேட்பாளர் மேல் ஏதோ புகார் இருக்கிறது என்றோதான் எண்ணுவார். நீக்கியதே அவதூறாக முடியும். 'பால்' என்று சுருக்கினாலும் சிக்கல் தீராது. சாய்வு சேர்த்தால் புணர்ச்சி விதிப்படி பாற்சாய்வு. பாற்சோறு, பாற்கடல் வரிசையில் அடுப்பில் பால் கொட்டியதுபோல் நிற்கும். 'வாதம்' இன்னும் மோசம். கையேடு முழுவதும் வாதம் செய்வதைப் பற்றியது. "வாதத்தில் பால்வாதம் கூடாது" என்று எழுத நேரும், கைகால் வாதத்தை விட்டுவிட்டாலும்கூட.

நான் முன்வைப்பது ஓரம். விளிம்பு என்ற பொருளோடு, நடுநிலை தவறி ஒரு பக்கம் சாய்ந்து பேசுதல் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்குப் பழையது. நல்வழியில் ஔவை "மன்றோரம் சொன்னார் மனை" பாழாய்ப் போகும் என்கிறார். மன்றத்தில், நாலு பேர் முன்னிலையில், ஓரம் சொல்வது. நாம் பெயர் தேடும் குற்றமும் அதுவேதான். வழக்கில் ஓரவஞ்சனை இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் வேறு அளவு வைக்கும் தாயை எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆகவே விரிவாக 'பாலின ஓரவஞ்சனை', சுருக்கமாக 'பாலோரம்'. வினை: பாலோரம் பேசு. அடை: பாலோர. ஆளைக் குறிக்கும் சொல் எளிதில் அமையாது. பாலோரர், பாலோரி இரண்டும் வாயில் நிற்கவில்லை. அது நல்லதுதான். மட்டுறுத்துநர் கைவைக்க வேண்டியது வாக்கியத்தில். ஆளுக்குப் பட்டம் கட்டினால் அடுத்த நூறு மடலும் அந்தப் பட்டத்தைப் பற்றியே ஓடும்.

— இரா.

மறு: பாலோரம்

ஓரம் மிகவும் மெல்லிய சொல். நாடாளுமன்றங்களுக்கிடையேயான ஒன்றியம் 2016இல் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் உறுப்பினர்களிடம் கேட்டதில் 81.8 விழுக்காட்டினர் உளவியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். 44.4 விழுக்காட்டினருக்குக் கொலை, வன்புணர்வு, அடி, கடத்தல் என்று மிரட்டல் வந்திருக்கிறது. இதைப் போய் 'ஓரம்' என்றால் பூசி மெழுகுவதாகாதா?

— ம.

மறு: பாலோரம்

ம. ஐயா சொல்வது சரி. அதனால்தான் மிரட்டலை இந்தச் சொல்லுக்குள் கொண்டுவரவே கூடாது. மிரட்டலுக்கு மிரட்டல் என்றே பெயர். அதை நீக்குவதோடு நிறுத்தாமல் நகல், நேரம், இணைப்பு மூன்றையும் சேமித்து, புகார் கொடுக்க வேட்பாளர் தரப்புக்குத் தர வேண்டும். முதலில் நீக்கிவிட்டுப் பிறகு நகல் தேடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பச்சை வசைக்கும் தனிப் பெயர் இருக்கிறது. நம்மிடம் பெயரில்லாமல் நிற்பது இவற்றுக்குக் கீழே, யாரும் கைவைக்காத அடுக்கு. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்தால், மிரட்டல் இல்லாத எதுவும் குற்றமில்லை என்றாகிவிடும்.

பாலோரத்தைக் கண்டுபிடிக்கும் வழிக்கு வருகிறேன். வரையறை எவ்வளவு அழகாக இருந்தாலும், இரவு 11 மணிக்கு வரிசையில் 300 பின்னூட்டத்தோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பயன்பட வேண்டும்.

முதற்சோதனை மாற்றிப்போடல். வேட்பாளரின் பெயரை எடுத்துவிட்டு எதிர்த்து நிற்கும் ஆண் வேட்பாளரின் பெயரை வைத்து, வினைமுற்றையும் மாற்றிப் படிக்க வேண்டும். "வென்றால் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்பது அப்போது கேலிக்கூத்தாகும். "வென்றால் அணைத் திட்டத்துக்கு எங்கிருந்து பணம் எடுப்பார்?" என்பது அப்படியே நிற்கும்.

இந்தச் சோதனை சறுக்கும் இடங்கள் உண்டு. தமிழில் சில வசைகளுக்கு ஆண்பாலே கிடையாது. வாழாவெட்டி, அடங்காப்பிடாரி இவற்றை மாற்றிப்போட எதுவுமில்லை. அந்த இல்லாமையே விடை. 'நடத்தை' போன்ற சொல் இருபாலுக்கும் பொதுவாகத் தெரியும், ஆனால் "அவர் நடத்தை சரியில்லை" என்று ஆணைச் சொன்னால் பழக்கவழக்கம், பெண்ணைச் சொன்னால் கற்பு. பெயரை மாற்றினால் வாக்கியம் நிற்கும், பொருள் நழுவிவிடும். இன்னொன்று, பெண்ணே இல்லாத பாலோரம். ஆண் வேட்பாளரைப் பார்த்து "வளையல் போட்டுக்கொள்" என்பவர் இழிவுபடுத்துவது எதிரில் இருப்பவரை மட்டுமில்லை, பெண்ணாயிருப்பதையே வசையாக்குகிறார். இங்கே பெயரை மாற்றாமல், வசையின் எடை எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். மறுபக்கம், வேட்பாளரே தம்மைத் தாய் என்று சொல்லி வாக்குக் கேட்டிருந்தால் அந்த வாதத்தை மறுப்பது ஓரமாகாது. அவருடைய மகளைப் பற்றிப் பேசுவது ஓரமாகும்.

இரண்டாவது சோதனை நம் மொழிக்கே உரியது: வினைமுற்று. ஒரே பின்னூட்டத்தில் "அவர் சொன்னார், அவள் கத்தினாள்" என்று வந்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம். வினைத் தேர்வையும் சேர்த்துப் பாருங்கள், ஒருவர் முழங்குகிறார், மற்றவர் கத்துகிறார். ஆனால் ஒப்பீடு ஒரே ஆளின் எழுத்துக்குள் இருக்க வேண்டும். இருவரையும் அவன், அவள் என்றே எழுதுபவரிடம் மரியாதை இல்லை, பாலோரமும் இல்லை. இருவரையும் அவர் என்று எழுதிவிட்டு, ஒருவரிடம் கொள்கையையும் மற்றவரிடம் குரலின் கீச்சையும் பேசுபவரிடம் மரியாதை இருக்கிறது, பாலோரமும் இருக்கிறது. இரண்டும் தனித்தனிக் கோடுகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மூன்றாவது எண்ணிக்கை. தனித்தனியாகப் பார்த்தால் "இன்று நிறம் பொருத்தமாக இல்லை" என்பது அற்பம், நீக்கினால் நீக்கியவர்தான் சிரிப்புக்கு ஆளாவார். ஒவ்வொரு வேட்பாளருக்கும் கடைசி 100 பின்னூட்டத்தை எடுத்து, கொள்கை, பதவிக்காலப் பணி, சொத்துக் கணக்கு, உடை–தோற்றம், குடும்பம் என்று பிரித்து எண்ணுங்கள். ஒருவருக்கு உடை–தோற்றம் 4, மற்றவருக்கு 38 என்றால் ஓரம் எந்த வாக்கியத்திலும் இல்லை, குவியலில் இருக்கிறது. அப்போது நீக்குவதைவிட இழையின் தலையில் "இனி தோற்றம் பற்றிய பின்னூட்டம் யாருக்கும் வெளியாகாது" என்று அறிவிப்பதே பலன் தரும். 'யாருக்கும்' என்பது முக்கியம்.

இப்படி அடுக்காகப் பிரிப்பது புதிதல்ல. இந்தியாவில் 2019 மக்களவைத் தேர்தல் காலத்தில் 95 பெண் அரசியலரைக் குறிப்பிட்ட 1,14,716 ட்வீட்டுகளை மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி ஆராய்ந்தபோது, 'சிக்கலானவை' என்றும் 'வசையானவை' என்றும் இரண்டு தட்டு வைத்தது. இரண்டும் சேர்ந்து 13.8 விழுக்காடு. ஒரே தட்டு வைத்திருந்தால் எதில் எவ்வளவு என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

தானியங்கிச் சொல்வடிகட்டியை நம்ப வேண்டாம். 'நடத்தை' என்று போட்டு வைத்தால் முதலில் சிக்குவது 'தேர்தல் நடத்தை விதிகள்'. வேற்றுமை உருபு ஏறினால் சில வடிகட்டிகள் சொல்லையே தவறவிடும். எழுத்துக்கிடையில் புள்ளி வைத்தோ ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியோ வருபவை எல்லாவற்றையும் தாண்டிவிடும். வடிகட்டி வரிசையில் முன்னே தள்ளட்டும், தீர்ப்பை ஆள் சொல்லட்டும்.

— தே.

மறு: பாலோரம்

ஏற்கிறேன். அகராதியும் வழக்கின் பின்னால்தானே வருகிறது. 2012 அக்டோபரில் அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் ஜூலியா கில்லார்ட் நாடாளுமன்றத்தில் மிசோஜினியைக் கண்டித்துப் பேசியதற்குப் பிறகு, அந்நாட்டின் மெக்குவாரி அகராதி மிசோஜினிக்கு 'வெறுப்பு' என்பதோடு 'ஊறிப்போன முற்சாய்வு' என்ற பொருளையும் சேர்த்தது. பாலோரத்தை முதலில் புழங்கவிடுவோம்.

சிவிலிட்டி என்ன ஆயிற்று? நாகரிகம் போதாதா?

— ம.

மறு: சிவிலிட்டி

போதாது என்பதற்குக் குறளே சாட்சி. "பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க / நாகரிகம் வேண்டு பவர்." கண்ணோட்டத்தின் உச்சியாக அது பெரிய வாக்கு. மட்டுறுத்தல் விதியாக வைத்தால் பேராபத்து. நஞ்சை ஊற்றுபவருக்கு அதில் ஒரு கட்டளையும் இல்லை, குடிப்பவர்தான் நாகரிகம் காட்ட வேண்டும். சிவிலிட்டி விதியை மட்டும் வைத்து நடத்தும் இழைகளில் இதுவே நிகழ்கிறது. "அம்மையாருக்கு இந்த வயதில் ஓய்வல்லவா அழகு" என்ற பின்னூட்டம் தேனாக இருப்பதால் தங்கிவிடுகிறது. "என்ன பேத்தல் இது" என்ற பதில் சூடாக இருப்பதால் போய்விடுகிறது. பார்ப்பவருக்கு மிஞ்சுவது, ஓரம் பேசியவர் பண்பாளர், தட்டிக்கேட்டவர் பண்பற்றவர் என்ற கணக்கு.

கண்ணியம், ஒழுக்கம், அடக்கம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். 'கண்ணியமான' என்ற அடைக்குப் பின்னால் 'உடை' வந்து உட்கார்கிறது. தமிழில் சபைப்பண்பைக் குறிக்கும் சொற்களில் பாதி, பெண்ணை அதட்டித் தேய்ந்தவை. ஓரத்தைத் தடுக்க வைக்கும் விதியின் பெயரே ஓரமாக இருந்தால் என்ன செய்வது?

அதனால் 'பேச்சு மரியாதை'. "மரியாதையாகப் பேசு" என்று ஆணிடமும் பெண்ணிடமும் ஒரே வேகத்தில் சொல்லலாம். வடமொழி மூலத்தில் அதற்கு எல்லை என்பதே பொருள். 'மட்டு மரியாதை' என்ற இணைச்சொல்லில் அது இன்னும் தெரிகிறது. எல்லை என்றால் அளக்கலாம்.

— இரா.

மறு: சிவிலிட்டி

மரியாதை கீழிருந்து மேலே போவது என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. "மரியாதை கொடுத்து மரியாதை வாங்கு" என்ற வழக்கு இருப்பதால் பெரிதாக உறுத்தாது என்று நினைக்கிறேன். ஆனால் விதியில் வரிசையை எழுதிவிட வேண்டும்: ஒரு பின்னூட்டத்தையும் அதற்கான பதிலையும் சேர்த்துப் படி, முதலில் பாலோரம் பார், மூலப் பின்னூட்டம் நீங்கினால், அதைச் சுட்டிய சூடான பதிலை எழுதியவரிடமே திருத்தக் கொடு, மரியாதைக் குறைவுக்காக மட்டும் அதைத் தனியாக நீக்காதே. வரிசை தலைகீழானால் இரா. சொன்ன நஞ்சுக்கதைதான்.

நீக்க அறிவிப்பிலும் வாக்கியத்தைக் காட்டுங்கள். "பாலோரம்: குடும்பப் பொறுப்பு பெண் வேட்பாளரிடம் மட்டும் கேட்கப்பட்டுள்ளது. எல்லா வேட்பாளருக்கும் பொதுவான கேள்வியாக மாற்றினால் வெளியிடலாம்." 'விதி மீறல்' என்று மட்டும் போட்டால், எழுதியவர் அதே வாக்கியத்தை இன்னும் மரியாதையாக எழுதிக் கொண்டுவருவார்.

— தே.

மறு: இறுதிப் பதிவு

சேர்த்தவை:

பாலோரம் (பெ.): ஒருவரின் பாலினத்தை வைத்து, மற்றவருக்கு வைக்காத அளவை அவருக்கு வைத்துப் பேசுதல்; பாராட்டாகவும் வரும். விரிவு: பாலின ஓரவஞ்சனை. வினை: பாலோரம் பேசு.

பேச்சு மரியாதை (பெ.): கருத்தை எவ்வளவு மறுத்தாலும் ஆளை விளிப்பதிலும் சுட்டுவதிலும் எல்லை காத்தல்.

பொத்தானில் 'பாலோரம்' அடங்கிவிடுகிறது. 'பேச்சு மரியாதை' கைப்பேசியில் இரண்டு வரியாக உடைவதால் பொத்தானுக்கு 'மரியாதைக் குறைவு' என்று வைத்துப் பார்த்தேன், அது இன்னும் நீளம். 'மரியாதையின்மை'தான் ஒரு வரியில் நிற்கிறது. ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.

— க.

மறு: இறுதிப் பதிவு

ஆட்சேபமில்லை. 'பாலோரப் பேச்சு' என்று அடையாக வரும்போது ப் மிகும். வரைவில் மூன்று இடத்தில் விடுபட்டிருக்கிறது.

— இரா.