குழாயைத் திறந்தால் ஷாக், உடனே ஆர்சிசிபி டிரிப்: எந்த எலக்ட்ரீசியனை நம்புவது?

மாடிவீடு (கோவை):
வணக்கம்ங்க. 2004ல் கட்டிய வீடு, போர் தண்ணீர். பத்து நாளாக, காலையில் கீசர் போட்டுவிட்டு அம்மா குளியலறைக் குழாயைத் திறந்தால் விரலில் சுருக்கென்று அடிக்கிறது. அந்த நொடியே ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்து வீடே இருட்டாகிவிடுகிறது. தூக்கிவிட்டால் நிற்கிறது.

முதலில் வந்தவர் அந்த சுவிட்ச் இருக்கும் டிபி பாக்ஸின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "இது ரொம்ப சென்சிட்டிவ்ங்க, எடுத்துட்டு நேரா கொடுத்துடலாம், 500 ரூபாய்" என்றார். இரண்டாமவர் வீடு முழுக்க வயரிங் மாற்றணும், 90 ஆயிரம் ஆகும், நாளைக்கே 30 ஆயிரம் முன்பணம் வேண்டும் என்கிறார். இவர்களில் யாரை நம்புவது? நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

உப்புத்தண்ணி:
ஆள் தேடுவது அப்புறம். முதலில் அந்தக் கீசரின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஆர்சிசிபியைக் கழற்றச் சொன்னவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள். அம்மா உடம்பு வழியாகக் கரண்ட் கசிந்ததும் லைனைத் துண்டித்ததே அதுதான்.

பழைய ஒயர்மேன்:
26 வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், சொல்கிறேன். வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் விழ வேண்டும். உங்களுடையது ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் எர்த் சரியாக இருந்திருந்தால் கீசர் போட்டவுடனேயே விழுந்திருக்கும், அம்மா குழாயைத் தொடும்வரை காத்திருக்காது. ஆக, கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டும் போயிருக்கும், அந்த பிளக் பாயிண்ட்டில் எர்த்தும் இருக்காது என்பது என் கணக்கு.

போனிலேயே ஆளை எடை போடலாம். "ஆர்சிசிபி டிரிப் ஆகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். தெரிந்தவன் "எப்போ விழுது, எதைப் போட்டா விழுது?" என்று கேட்பான். தெரியாதவன் ரேட் சொல்வான். அடுத்து, மெகர் (ஒயரில் கரண்ட் கசிகிறதா என்று இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) கொண்டுவருவீர்களா என்று கேளுங்கள். டெஸ்டரை மட்டும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வருபவரால் இந்தக் கசிவைப் பிடிக்க முடியாது.

மீட்டர்பெட்டி:
லைசென்ஸ் பார்த்து எடுங்கள். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் ஒப்பந்ததாரர்களுக்கு உரிமம் தருகிறது. ஒயர்மேனுக்குத் தகுதிச் சான்று தனி. மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் இருப்பது நம் பொறுப்பு, மின்வாரியத்தில் புகார் கொடுத்தால் வேலைக்கு ஆகாது.

பழைய ஒயர்மேன்:
சரிதான், ஆனால் லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும், வேலைக்கு நேற்று சேர்ந்த பையன் வருவான். வரப்போவது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹார்டுவேர் கடைக்காரர் கைகாட்டும் ஆளிடமும் கவனம். சில இடங்களில் கமிஷன் உண்டு, நூறு ரூபாய் சாமானுக்கு நூற்றி நாற்பது பில் வரும். கூலியையும் சாமானையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள். முதல் தடவை வருபவருக்குச் சின்ன வேலை ஒன்றுதான் கொடுக்க வேண்டும், முழு வீட்டையும் ஒப்படைக்கக் கூடாது.

மாடிவீடு:
ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டுக்குத் தொடர்ந்து வேலை செய்பவர் வந்தார். போனில் அவர் கேட்ட முதல் கேள்வியே "கீசரா, மோட்டாராங்க?"

மெயினை அணைத்தார். அணைப்பதற்கு முன் எரிகிற லைனில் டெஸ்டரை ஒரு தடவை வைத்துப் பார்த்தார், "டெஸ்டரே செத்திருந்தா என்ன பண்றது" என்று. கீசரைத் தனியாகக் கழற்றி 500 வோல்ட் மெகர் வைத்தார். எலிமென்ட்டுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு மெகா ஓமாவது காட்டணுமாம், முள் பூஜ்யத்திலேயே படுத்துக்கொண்டது. எலிமென்ட்டை உருவினால் சுண்ணாம்பு ஏறி, ஓரிடத்தில் உறை வெடித்திருந்தது. பிறகு 16 ஆம்பியர் சாக்கெட்டைத் திறந்தார். எர்த்துக்கான பச்சை ஒயர் வெட்டி, டேப் சுற்றி, பெட்டி மூலையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது! 2017ல் டைல்ஸ் மாற்றியபோது யாரோ செய்த வேலை.

எலிமென்ட், வாஷர், எர்த் இணைப்பு, கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். மற்ற லைன்களையும் மெகர் வைத்துப் பார்த்தார், நன்றாகவே இருக்கின்றன. 90 ஆயிரம் வயரிங் தேவையே இல்லை.

ஒரு சந்தேகம்: டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கச் சொன்னார். அமுக்கி அமுக்கி ஆர்சிசிபி கெட்டுப்போகாதா?

பழைய ஒயர்மேன்:
கெடாது. அமுக்கியும் விழவில்லை என்றால்தான் மாற்றணும். ஆனால் அந்தப் பட்டன் ஆர்சிசிபியை மட்டும்தான் சோதிக்கும், எர்த்தை அல்ல. எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த ஆள் வேறு வேலைக்கும் வருவாரா? எனக்கு வயசாகிறது, கேட்பவர்களுக்குச் சொல்லலாம்.

மாடிவீடு:
வருவார்ங்க, ஆனால் ஞாயிறு மட்டும் கூப்பிடக் கூடாதாம். முன்பணம் கேட்டவர் இன்னும் போன் அடித்துக்கொண்டே இருக்கிறார்.