வானொலிப் பாடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கவனம் நிற்பதில்லை, என்ன செய்யலாம்?

சிலேட்டுக்குச்சி கேட்டது:

வணக்கம். மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வாரத்தில் சில நாள் பாடவேளையிலேயே கல்வி வானொலி நிகழ்ச்சி போட்டுக் கேட்க வைக்கிறோம். ஒலிபரப்பாகும் நேரம் நம் கால அட்டவணைக்கு ஒத்துவந்தால் நேரடியாக, இல்லையென்றால் பதிவு செய்து வைத்த ஒலிக்கோப்பு. கதை, பாட்டு என்றால் வகுப்பே அசையாமல் கேட்கிறது. ஆனால் கணக்கோ அறிவியலோ வந்தால் கொஞ்ச நேரத்திலேயே பின்வரிசையில் பேச்சு தொடங்கிவிடுகிறது, ஒருவன் பென்சில் சீவுகிறான், இன்னொருத்தி ஜன்னல் வழியே பார்க்கிறாள். முடிந்த பிறகு கேள்வி கேட்டால் முன்வரிசையில் நாலைந்து பேர் மட்டும் கை தூக்குகிறார்கள்.

படமே இல்லாமல் வெறும் குரலை வைத்து இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க முடியுமா, இல்லை பேசாமல் வீடியோவுக்கே போய்விடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஒலிக்கூடம்:

முடியும், டீச்சர். 1974-ல் நிகராகுவாவில் தொடங்கிய வானொலிக் கணக்குத் திட்டமே அதற்குச் சாட்சி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அந்நாட்டுக் கல்வித்துறையும் சேர்ந்து செய்தது அது. தொடக்கப்பள்ளிக் கணக்குப் பாடத்தைத் தினமும் அரைமணி நேரத்துக்குள் வானொலியில் நடத்தி, அதைத் தொடர்ந்து அதே கணக்கை ஆசிரியர் வகுப்பில் செய்யவைப்பார். வானொலி கேட்ட வகுப்புகளையும் கேட்காத வகுப்புகளையும் ஒரே தேர்வு வைத்து ஒப்பிட்டார்கள். கேட்ட வகுப்புகள் தெளிவாகவே மேலே வந்தன. 1980-களில் கென்யாவில் ஆங்கிலப் பாடத்துக்கும் இதே முறையைக் கொண்டுபோனார்கள், அங்கேயும் பலன் கிடைத்தது.

ஆனால் அங்கே ஒலிபரப்பானது சொற்பொழிவு இல்லை. குழந்தை நிமிடத்துக்கு ஒரு தடவையாவது வாய் திறக்கவோ, எழுதவோ, எழுந்து நிற்கவோ வேண்டும் என்று திட்டமிட்டே எழுதிய பாடங்கள். நீங்கள் போடுகிற நிகழ்ச்சி எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஒரே குரல் தொடர்ந்து விளக்கிக்கொண்டே போகிறது என்றால், பெரியவர்களுக்கே அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது, எட்டு வயதுப் பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?

நான் சமுதாய வானொலியில் பள்ளி நிகழ்ச்சிகளுக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன், அதனால் உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு சின்னத் துண்டு இப்படிப் போகும்:

"கையில் எட்டு விதை எடுத்துக்கொள்ளுங்கள். (இடைவெளி, பின்னணியில் சிறு இசை) மூன்றைக் கீழே வையுங்கள். (இடைவெளி) கையில் மீதி எத்தனை? (இடைவெளி) ஐந்து! கீழே இருக்கும் மூன்றையும் கையில் இருக்கும் ஐந்தையும் சேர்த்தால்? (இடைவெளி) எட்டு!"

அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் எங்களுக்குப் பெரிய வேலை. வாயால் சொல்லும் பதிலுக்கு இரண்டு மூன்று விநாடி போதும், விதையை எடுத்து வைக்க அதைவிட அதிகம் வேண்டும், நோட்டில் எழுதவேண்டும் என்றால் இன்னும் நீளம். இடைவெளி குறைந்தால் மெதுவாக யோசிக்கிற பிள்ளைக்கு வாய்ப்பே கிடைக்காது, கூடினால் வகுப்பு கலைந்துவிடும். மேசையில் உட்கார்ந்து இதை முடிவு செய்ய முடியாது, ஒரு வகுப்பில் போட்டுக்காட்டி, பிள்ளைகள் பதில் சொல்லி முடிக்கிற இடத்தைக் கவனித்துத்தான் திருத்துவோம். நீளமான இடைவெளியில் இசை வைப்பதற்கும் காரணம் உண்டு: வானொலியில் சத்தமே இல்லையென்றால் அலைவரிசை போய்விட்டது என்று நினைத்து யாராவது பெட்டியைத் தட்ட வந்துவிடுவார்கள்.

சரியான விடையை உடனே சொல்லிவிடுவதும் முக்கியம். தப்பாகச் சொன்ன பிள்ளை யாரும் பார்க்காமலேயே தன்னைத் திருத்திக்கொள்கிறது.

முதல்மணி:

மேலே சொன்னது எல்லாம் நிகழ்ச்சி தயாரிப்பவர் பக்கம். வகுப்பறைப் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன்.

வானொலிப் பாடம் என்றால் அந்த நேரம் நமக்கு ஓய்வு என்று நினைத்து நோட்டுத் திருத்த உட்கார்ந்தால் அன்றைக்கு அந்தப் பாடம் போச்சு. பிள்ளைகள் நம் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நாம் கேட்டால் அவர்களும் கேட்பார்கள். நிகழ்ச்சி ஓடும்போது நான் பின்வரிசைக்குப் போய் நின்றுவிடுவேன். குரல் முன்னாலிருந்து வருகிறது, நான் பின்னால் இருக்கிறேன், நடுவில் இருக்கிற யாரும் தப்ப முடியாது.

தொடங்கும் முன்பே கரும்பலகையில் அன்றைய எண்களையோ நாலு புதுச் சொற்களையோ எழுதி வைத்துவிடுங்கள், கண்ணுக்குப் பிடிமானம் வேண்டும். படம் இல்லையே என்ற உங்கள் கவலைக்கு இதுவே பாதி தீர்வு. விதை, குச்சி, நோட்டு எல்லாம் முன்கூட்டியே மேசைமேல் இருக்க வேண்டும், ஒலிபரப்பு நமக்காகக் காத்திருக்காது.

அப்புறம் ஒலி. இதை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு இதில் ரொம்ப வருத்தம். பாஸ் (கனத்த, தாழ்ந்த ஒலி) கூட்டி வைத்த ஒலிபெருக்கியில் பாட்டு நன்றாக இருக்கும், பேச்சு குழம்பும். ல, ள, ழ மூன்றும் ஒன்றுபோலக் கேட்டால் மொழிப்பாடம் எதற்கு? பாஸைக் குறைத்து டிரெபிளை (கூர்மையான, உயர்ந்த ஒலியை) கூட்டுங்கள். பெட்டியைத் தரையிலோ அலமாரிக்குள்ளோ வைக்காமல், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காது உயரத்துக்கு மேலே, பக்கச் சுவரின் நடுவில் வைத்துப் பாருங்கள், கடைசி வரிசைக்கும் முதல் வரிசைக்கும் தூர வித்தியாசம் குறையும். வெறும் சுவரும் தரையும் உள்ள அறையில் எதிரொலிக்கும், அங்கே சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். கடைசி பெஞ்சில் நீங்களே போய் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் பின்வரிசை பேசுவதற்கு, காதில் சரியாக விழவில்லை என்பதே காரணமாக இருக்கலாம்.

மாற்றுக்கருத்து:

இருவர் சொன்னதும் சரி, ஆனால் ஒரு குறையை விட்டுவிட்டீர்கள். வகுப்பு முழுக்க "ஐந்து!" என்று கத்தும்போது கேட்க இனிமையாக இருக்கும். அதில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே தெரியும்? பக்கத்துப் பையன் வாயைப் பார்த்துச் சொல்கிற பிள்ளையைக் கோரஸ் மறைத்துவிடும். நல்ல நிகழ்ச்சிகளில் "ஆசிரியர் ஒரு மாணவரைத் தேர்ந்தெடுங்கள்" என்று குரலே சொல்லும். உங்கள் நிகழ்ச்சியில் இல்லையென்றால் அதை நீங்கள்தான் செய்யவேண்டும்: நிகழ்ச்சி முடிந்ததும் அதே கணக்கை எண் மாற்றி, வாய் திறக்காமல் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

வீடியோவுக்குப் போவது பற்றி: வீடியோவிலும் இதே நோய் வரும், திரையைப் பார்த்துக்கொண்டே ஒன்றும் யோசிக்காமல் இருக்கலாம். பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைக்காத இடத்தில் வானொலி பெரிய துணை என்பதையும் மறுக்கமாட்டேன். ஜாம்பியாவில் 2000-த்தில் தொடங்கிய வானொலிப் பாடங்களை வைத்து, ஆசிரியப் பயிற்சி இல்லாத ஊர்க்காரர்களே பிள்ளைகளை உட்காரவைத்துக் கற்பித்தார்கள். சிகாகோவில் 1937-ல் போலியோவால் பள்ளி திறப்பது தள்ளிப்போனபோது வீட்டிலிருந்த பிள்ளைகளுக்கு வானொலியில் பாடம் நடத்தி, குறிப்புகளை நாளிதழில் அச்சிட்டார்கள். ஆனால் உங்கள் வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார். அப்படியிருக்க வானொலி எதைச் செய்யும், நீங்கள் எதைச் செய்வீர்கள் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

சிலேட்டுக்குச்சி:

எல்லோருக்கும் நன்றி. கேட்டுப் பார்த்தேன், எங்கள் கணக்கு நிகழ்ச்சிகள் முழுக்கச் சொற்பொழிவு வகை, இடைவெளியே கிடையாது. பதிவு செய்த கோப்பை நானே ஆங்காங்கே நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டால் அதே பலன் கிடைக்குமா?

ஒலிக்கூடம்:

கிடைக்கும், ஆனால் கோப்பை முன்கூட்டியே முழுக்கக் கேட்டு, எந்த நிமிடத்தில் நிறுத்தி என்ன கேட்பது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நின்றபடி முடிவு செய்தால் தாளம் தப்பும். விளக்கம் நீளும் பகுதியை வெட்டிவிட்டு அதை நீங்களே பலகையில் செய்துகாட்டுங்கள், கதையும் பாத்திரங்களும் வரும் பகுதியை மட்டும் ஒலியில் வையுங்கள். மொத்தம் இருபது நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். ஏற்கெனவே இடைவெளி வைத்து எழுதிய நிகழ்ச்சி கிடைத்தால் மட்டும் நடுவில் நிறுத்தாதீர்கள், அதன் வேகத்தில் பிள்ளைகள் தாங்களாகவே ஓடி வருவார்கள்.

இன்னொன்று, பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்று நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். எங்களுக்கு அப்படிக் கடிதம் வருவது அபூர்வம், வந்தால் அடுத்த பதிவிலேயே மாற்றுவோம்.

முதல்மணி:

அந்தத் தாளில் குறித்ததை இங்கே போட்டால் மற்றவர்களும் எடுத்துக்கொள்வோம், டீச்சர். கழித்தல் பாடத்திலிருந்து தொடங்குங்கள், எங்கள் வகுப்பிலும் அடுத்து அதுதான்.