பி.எஸ்சி. விலங்கியலோடு டேட்டா சயின்ஸும் சேர்த்துப் படிக்கலாமா?

பொருநை_அண்ணன்:
எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி திருநெல்வேலி பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் முதலாமாண்டு படிக்கிறாள். ப்ளஸ் டூவில் ப்யூர் சயின்ஸ் குரூப், அதனால கணக்கு பத்தாம் வகுப்போட சரி. இப்போ ஐஐடி மெட்ராஸ் ஆன்லைனில் நடத்துற டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டத்தையும் கூடவே படிக்கப் போறேன்னு நிக்கிறாள். அதுக்கு ஜேஇஇ தேவையில்லை. பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படிச்சு ப்ளஸ் டூ பாஸாகியிருந்தா போதும், நாலு வாரப் பாடத்தைப் படிச்சு ஒரு தகுதித் தேர்வு எழுதணும். பல்கலைக்கழக மானியக் குழுவும் (யூஜிசி) 2022 ஏப்ரலிலேயே ஒரே நேரத்தில் ரெண்டு பட்டம் படிக்கலாம்னு சொல்லிட்டாங்க. அப்பா "எடுத்ததை ஒழுங்கா முடி"ன்னு ஒரே பிடியா இருக்கார். எனக்கு ரெண்டு மனசு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பைத்தான்_பாண்டி:
கண்ணை மூடிக்கிட்டு சேரச் சொல்லுங்க பாஸ். வெறும் பி.எஸ்சி. விலங்கியலை வெச்சுக்கிட்டு வெளிய வந்தா என்ன இருக்கு? மெடிக்கல் கோடிங், மெடிக்கல் ரெப், இல்லைன்னா பி.எட். போட்டுட்டு ஆசிரியர் தேர்வு வாரிய (டிஆர்பி) அறிவிப்புக்குக் காத்துக் கிடக்கணும். மனுஷ மரபணுத் தொகுதியே சுமார் 300 கோடி எழுத்து. அதை நோட்டில் எழுதியா படிக்கப் போறோம்? நான் பெங்களூருவில் மரபணுத் தரவு பார்க்கிற ஒரு கம்பெனியில் இருக்கேன். கோடு எழுதத் தெரிஞ்சவன் வரிசையில் நிக்கிறான். அந்தக் கோடு எந்த உயிரியல் கேள்விக்குன்னு தெரிஞ்ச ஆளைத்தான் தேட வேண்டியிருக்கு.

வேர்முனை:
தம்பி, கம்பெனிக்கு எது வேணும்னு சொல்லிட்டீங்க. அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இருக்குன்னு கேட்டீங்களா?

நான் கல்லூரியில் தாவரவியல் எடுக்கிறவள். முதல் பருவத்தில் வெங்காய வேர்முனை ஸ்குவாஷ்னு ஒரு செய்முறை. வேர்நுனியைக் காலையிலேயே, செல் பிரியிற நேரமாப் பார்த்து வெட்டி நிலைப்படுத்தணும். அமிலத்தில் இளக்கி, அசிட்டோகார்மைன் போட்டு, கவர் ஸ்லிப் மேல கட்டைவிரலை வெச்சு நேரா அழுத்தணும். ஒரு இழை பக்கவாட்டில் நகர்ந்தாலும் குரோமோசோம் எல்லாம் உருண்டு கூழாயிடும். அந்த அழுத்தம் கைக்குப் பழகவே ஒரு பருவம் போயிடுது. இதுக்கு மேல தமிழ், ஆங்கிலம், அலைட் வேதியியல், இன்டர்னல், ரெக்கார்டு. சாயங்காலம் பஸ் பிடிச்சு வீடு போய்ச் சேர்ந்து வாரா வாரம் அங்க அசைன்மென்ட், ஞாயித்துக்கிழமை நேரில் போய் க்விஸ். ரெண்டு இடத்திலும் பேரைக் கொடுத்துட்டு ரெண்டிலும் ஒட்டாமப் போன பிள்ளைங்களை நான் வகுப்பிலேயே பார்க்கிறேன். முதல் தலைமுறையா காலேஜ் வர்ற பிள்ளைன்னா சுமை இன்னும் கூடுதல்.

பைத்தான்_பாண்டி:
மேடம், உங்க அக்கறை புரியுது. ஆனா உயிரியலில் பெரிய திருப்பம் எல்லாம் ரெண்டு கால் வெச்சவங்களாலதான் வந்திருக்கு. நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என்.ராமச்சந்திரன் இயற்பியல்காரர். 1954இல் கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து தோல், தசைநாணில் இருக்கிற கொலாஜன் புரதத்தோட முப்புரி அமைப்பைச் சொன்னார். அதுக்கு எடுத்தது கங்காரு வால் தசைநாண்! 1963இல் வந்த ராமச்சந்திரன் வரைபடத்தை இன்னைக்கும் புரத அமைப்பைச் சரிபார்க்கிற ஒவ்வொருத்தரும் போட்டுப் பார்க்கிறாங்க. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் இயற்பியல்தான். அவருக்கு 2009இல் வேதியியல் நோபல், அதுவும் செல்லுக்குள்ள புரதம் செய்யிற ரைபோசோமைப் பத்தின ஆய்வுக்கு.

வேர்முனை:
நீங்க சொன்ன உதாரணமே என் பக்கம்தான் சாயுது. வெங்கி 1976இல் இயற்பியலில் பிஎச்.டி. முடிச்சார். முடிச்ச பிறகு சான் டியாகோவில் போய் உயிரியல் மாணவனா முதலிலிருந்து உட்கார்ந்தார். ஒண்ணு முடிச்சு ஒண்ணு. ராமச்சந்திரனும் இயற்பியலில் ஊறித் திளைச்ச பிறகுதான் கொலாஜன் பக்கம் வந்தார். ரெண்டு பேரும் ஒரே பருவத்தில் ரெண்டு ஹால் டிக்கெட் வாங்கலை. ரெண்டாவது பாடம் வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. பதினெட்டு வயசில், அடிப்படைக் கணக்கு இல்லாம, ஒரே நேரத்தில் வேணுமான்னுதான் கேட்கிறேன்.

கணக்குப்புலி:
நடுவில் நுழையிறேன், மன்னிக்கவும். புள்ளியியல் வாத்தியார் நான். கணக்கு வேண்டாம்னுதான் பிள்ளைங்க உயிரியல் எடுக்குதுங்க, ஆனா கணக்கு விடாது. மெண்டலோட பட்டாணிச் செய்முறையில் 120 விதையில் 84 உருண்டை, 36 சுருக்கம் வந்தா அது 3:1 தானா? எதிர்பார்த்தது 90, 30. வித்தியாசம் ரெண்டிலும் 6, வர்க்கம் 36. 36ஐ 90ஆல் வகுத்தா 0.4, 30ஆல் வகுத்தா 1.2, கூட்டினா 1.6. கை-வர்க்க அட்டவணையில் இருக்கிற எல்லையான 3.84க்குக் கீழே இருக்கு, அதனால 3:1ன்னு வெச்சுக்கலாம். இந்த நாலு வரியை ரெக்கார்டில் காப்பி அடிச்சிட்டு, 3.84 எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாமலே எம்.எஸ்சி. வரைக்கும் போயிடறாங்க. அப்புறம் ஆராய்ச்சிக்கும் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் எழுதுற சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில், உயிர் அறிவியலில் இதே கை-வர்க்கச் சோதனை, அனோவா எல்லாம் பாடத்திட்டத்தில் வந்து நிக்குது. ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் பயோடெக்னாலஜி எழுதினா அதில் ப்ளஸ் டூ தரக் கணக்கும் இயற்பியலும் உண்டு. ப்யூர் சயின்ஸ் பிள்ளைங்க அங்கேதான் தடுக்கி விழுறாங்க.

ஆனா இதுக்கு முழுப் பட்டம் எதுக்கு? ஸ்வயம், என்பிடெல்னு இருக்கிற ஆன்லைன் பாடத் தளங்களில் உயிர்ப்புள்ளியியல் இலவசமாவே பார்க்கலாம். தேர்வு எழுதினாத்தான் காசு. கல்லூரி ஒத்துக்கிட்டா கிரெடிட்டாவும் மாத்தலாம்.

பைத்தான்_பாண்டி:
சார், நீங்க சொல்ற சான்றிதழை எங்க ஹெச்ஆர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. பட்டத்துக்குத்தான் மதிப்பு, அது நியாயமா இல்லையாங்கிறது வேற கதை. அதோட இந்தப் படிப்பில் நடுவில் இறங்கவும் வழி இருக்கு. முதல் கட்டம் எட்டுப் பாடம்: கணிதம் ரெண்டு, புள்ளியியல் ரெண்டு, ஆங்கிலம் ரெண்டு, கணினிச் சிந்தனை, பைத்தான். அதோட நிறுத்தினாலும் சான்றிதழ் உண்டு. அப்புறம் டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். எடுக்கிற பாடத்துக்கு மட்டும் பணம், குடும்ப வருமானம் குறைவுன்னா சலுகை. ஒரு டேர்முக்கு ஒரே ஒரு பாடம் எடுத்தாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. என்னமோ பிள்ளையைக் கிணத்துல தள்ற மாதிரி பேசுறீங்க எல்லாரும்.

டிஆர்பி_தவம்:
அரசு வேலை எண்ணம் இருந்தா கொஞ்சம் நின்னு யோசிங்க. முதுகலை ஆசிரியர் பணிக்கு யூஜியும் பிஜியும் ஒரே பாடம் கேட்பாங்க. ரெண்டும் வேற வேற பாடம்னா (க்ராஸ் மேஜர்) முடிஞ்சது. நம்ம கல்வித்துறையில் ஓராண்டு இரட்டைப் பட்டம் வெச்சிருந்த ஆசிரியர்கள் பதவி உயர்வுக்குக் கோர்ட்டு ஏறி இறங்கின கதை எல்லாருக்கும் தெரியும்.

பைத்தான்_பாண்டி:
அது ஏற்கெனவே ஒரு பட்டம் இருக்கிறவங்க ஒரே வருஷத்தில் இன்னொண்ணு வாங்கினது. இது முழுப் படிப்பு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

பொருநை_அண்ணன்:
தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாத்தையும் வாசிச்சிட்டா. அவ சொல்றதை அப்படியே தட்டுறேன்: "எனக்கு ஐடி கம்பெனி ஆசை இல்லை. ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு சீனியர் அக்காக்களோட போனேன். ஒரு குளத்தில் நான் எண்ணினதும் பக்கத்தில் நின்னவங்க எண்ணினதும் எக்கச்சக்க வித்தியாசம். எதை எழுதுறதுன்னு கேட்டேன், யாருக்கும் சரியாச் சொல்லத் தெரியலை. அதைக் கத்துக்கத்தான் கேட்கிறேன்."

கணக்குப்புலி:
அடி சக்கை! பாப்பா, நீ கேட்டது சுத்தமான புள்ளியியல். ஒரே குளத்தை ரெண்டு பேர் தனித்தனியா எண்ணினா, ரெண்டு பேரும் பார்த்தது எத்தனை, ஒருத்தர் மட்டும் பார்த்தது எத்தனைன்னு பிரிச்சு, ரெண்டு பேர் கண்ணுக்கும் தப்பினதைக்கூடக் கணிக்க வழி இருக்கு. டேட்டா சயின்ஸ் பாடத்தில் இது நேரா வராது. ஆனா நிகழ்தகவு தெரியாம இதைத் தொடவும் முடியாது.

வேர்முனை:
இந்தக் கேள்வியோட வர்ற பிள்ளையைத் தடுக்க எனக்கு மனசு வரலை. ஆனாலும் முழுப் பட்டத்துக்கு நான் இன்னும் சம்மதிக்கலை. அந்தப் படிப்புக்கு ஜனவரி, மே, செப்டம்பர்னு வருஷத்துக்கு மூணு டேர்ம். மே சேர்க்கையைப் பார்க்கட்டும். தகுதித் தேர்வுப் பாடம் கோடை விடுமுறையில் வருதான்னு தேதியைப் பார்த்துக்கட்டும், வந்தா செய்முறை, ரெக்கார்டு எதுவும் கெடாது. தேறினா முதல் டேர்மில் புள்ளியியல் மட்டும். விலங்கியலில் மதிப்பெண் குறைஞ்சபட்சத்துக்கு இறங்கிட்டா உடனே நிறுத்தணும். இதை அப்பா முன்னாடி எழுதிக் கொடுக்கட்டும்.

பைத்தான்_பாண்டி:
புள்ளியியலோட, பைத்தானுக்கு முன்படியான கணினிச் சிந்தனையையும் போடுங்க மேடம், இல்லைன்னா கையில் கால்குலேட்டரோடதான் குளத்துக்குப் போகணும்.

வேர்முனை:
ஒண்ணுன்னா ஒண்ணுதான்.

டிஆர்பி_தவம்:
எது எடுத்தாலும் சரி, ரெண்டு பட்டத்தை அனுமதிக்கிற யூஜிசி வழிகாட்டுதல் நகல், ரெண்டு படிப்பிலும் சேர்ந்த தேதிக்கான ரசீது, ஒண்ணு ஆன்லைன்னு காட்டுற காகிதம் எல்லாத்தையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்க. நாளைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் "ஒரே வருஷத்தில் ரெண்டா?"ன்னு கேட்டா, வாயால விளக்கி ஆகாது.