பள்ளிக்கூடப் படிவத்தில் அந்த 'கன்கஷன்' தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

கனடாவில் ஒன்டாரியோவுக்குப் புதிதாக வந்து, பிள்ளையை ஹை ஸ்கூலில் சேர்த்திருப்பவர்களுக்கு இது. கால்பந்து, ரக்பி, ஹாக்கி என எந்த அணியில் சேர்ந்தாலும் வருடா வருடம் ஒரு கற்றைப் படிவம் வரும். அதில் கன்கஷன், அதாவது இடிபட்டு மூளை குலுங்குவது, பற்றி ஒரு தாள் இருக்கும். முதல் வருடம் நான் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

மகள் அப்போது பத்தாம் வகுப்பு. ஒரு சாயங்காலம் கால்பந்துப் பயிற்சி முடிந்து வந்தவள், ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து லைட்டை அணைக்கச் சொன்னாள். "நாளைக்கா மேத்ஸ் டெஸ்ட்?" என்றாள். வியாழக்கிழமை என்றேன். ரசம் நுரை கட்டுவதற்குள் மறுபடியும் அதையே கேட்டாள். தலையைத் தடவிப் பார்த்தேன், புடைப்பு எதுவும் இல்லை. தைலம் தேய்த்துப் படுக்க வைத்துவிட்டேன்.

காலையில் வாந்தி. அப்புறம்தான் விஷயம் வந்தது: எதிரே ஓடி வந்தவளின் தோள் இவள் தாடையில் இடித்திருக்கிறது. சொன்னால் சனிக்கிழமை மேட்சில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

புடைப்பைத் தேடியதுதான் என் தப்பு. மண்டைக்குள் மூளை குலுங்குவதுதான் கன்கஷன். தலையில் அடியே படாமல், உடம்பில் இடித்துத் தலை வெடுக்கென்று ஆடினாலும் வரும். மயங்கி விழுபவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும், குலுங்காமல் காக்காது.

ஒட்டாவாவில் 2013 மே மாதம் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண், பள்ளி ரக்பி அணியின் கேப்டன், ஒரே வாரத்தில் அடுத்தடுத்து அடிபட்டு இறந்துபோனாள். கன்கஷனாக இருக்குமோ என்று அவளே இணையத்தில் தேடியிருக்கிறாள், தோழிகளிடமும் சொல்லியிருக்கிறாள். பெற்றோருக்குத் தெரியாது. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று விழுந்தால் மூளை வீங்கிவிடக்கூடும். அபூர்வம்தான், ஆனால் நடந்தால் கை மீறிப்போகும். 2018இல் ஒன்டாரியோவில் அவள் பெயரிலேயே 'ரோவன்ஸ் லா' என்ற சட்டம் வந்தது. சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும். மருத்துவரோ நர்ஸ் பிராக்டிஷனரோ (கூடுதல் பயிற்சி பெற்ற நர்ஸ்) சரி என்ற பிறகுதான் முழு ஆட்டம். அதனால் கோச் என்ன நினைப்பாரோ என்று தயங்காதீர்கள். "இன்றைக்கு அனுப்பவில்லை" என்று ஒரு வரி மெயில் போதும், இங்கே அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கழுத்துவலி, எல்லாம் இரண்டாகத் தெரிவது, கைகால் மரத்துப்போவது: இதில் எது இருந்தாலும் அவசர எண் 911ஐக் கூப்பிடுங்கள். மற்றபடி சந்தேகம் என்றால் 811இல் நர்ஸிடம் பேசலாம். குடும்ப மருத்துவர் இன்னும் அமையாவிட்டால் வாக்-இன் கிளினிக்.

ஊரிலிருந்து அம்மா, இருட்டறையிலேயே படுக்க வை என்றார். அது பழைய வைத்தியம். முதல் இரண்டு நாள் ஓய்வு, போனும் டிவியும் குறைவு, அப்புறம் மெல்ல நடக்கலாம். முதலில் வகுப்பறை, பிறகுதான் மைதானம். டெஸ்டைத் தள்ளிவைக்கக் கேட்டால் தருவார்கள். என் மகள் அந்த மேத்ஸ் டெஸ்டை மூன்று வாரம் கழித்துத்தான் எழுதினாள்.

பிள்ளையிடம் "அடிபட்டதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். லைட் கண்ணைக் கூசுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.