ஃபோம் விமானம் கட்டியவர்களின் அனுபவங்கள்: எடை எங்கே சேர்கிறது?

நங்கநல்லூர் உறுப்பினர்:

ரிமோட்டில் இயங்கும் ஃபோம் விமானத்தைக் கிட்டாக வாங்கிக் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் மோட்டாரைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். ஒரு விமானத்தைக் கட்டி, பறக்கவிட்டு, உடைந்த இடங்களை ஒட்டி மீண்டும் பறக்கவிட்ட பிறகு எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு: பசையை எங்கே, எவ்வளவு வைத்தோம் என்பதே அந்த விமானம் எப்படிப் பறக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. ஆகவே பசையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கட்டியது இறக்கை மேற்புறம் அமைந்த பயிற்சி விமானம். இறக்கை முனைக்கு முனை 1 மீட்டர்; அதன் அகலம் 20 சென்டிமீட்டர். முன்கூட்டியே வெட்டப்பட்ட 5 மில்லிமீட்டர் ஃபோம் தகடுகள், மோட்டாரைப் பொருத்துவதற்கான பிளைவுட் துண்டு, இறக்கை மடங்காமல் தாங்கும் கார்பன் குழாய், வால் மடல்களை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவிலிருந்து வாலுக்குச் செல்லும் எஃகுக் கம்பிகள் ஆகியவை பெட்டிக்குள் இருந்தன. மின்சாதனங்களைத் தனியே வாங்க வேண்டும். அவற்றை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் தேடிப் பிடித்தேன்.

பாலிஸ்டைரீன் ஃபோமில், அதாவது நாம் தெர்மாகோல் என்று சொல்லும் பொருளிலும் அதே வகையைச் சேர்ந்த டெப்ரான் தகட்டிலும், சாதாரண சயனோஅக்ரிலேட் பசை, கடைமொழியில் ஃபெவிக்விக் வகை, பட்ட இடம் கரைந்து குழி விழுந்துவிடும். ஃபோமுக்கென்றே தயாரிக்கப்படும் சயனோஅக்ரிலேட் தனியாகக் கிடைக்கிறது. இபிபி, இபிஓ ஆகிய ஃபோம் வகைகளோ சாதாரணப் பசையையே தாங்கிக்கொள்ளும். கிட்டின் பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், வெட்டி எஞ்சிய ஓரத்துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை ஃபோமைக் கெடுக்காது, ஆனால் அது உலர்வதற்குக் காற்று வேண்டும். இரண்டு ஃபோம் பரப்புகளுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்ட வெள்ளைப் பசை, சென்னையின் ஈரக்காற்றில், ஓரத்தில் காய்ந்தும் நடுவில் நாள்கணக்கில் பிசுபிசுத்தும் கிடக்கும். எனவே அதை மெல்லிய ஓரங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

எஞ்சியது ஹாட் க்ளூ, அதாவது சூட்டில் உருக்கி இடும் பசைக்குச்சி. விரைவாக இறுகும், மலிவானது, தவறாக ஒட்டினால் சூடுகாட்டிப் பிரிக்கவும் முடியும். இத்தனை வசதியும் இருப்பதால்தான் கை தாராளமாகிவிடுகிறது. என் விமானத்தின் எடைமையத்திலிருந்து வால் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. பேட்டரியை வைக்கக்கூடிய இடமோ 16 சென்டிமீட்டர்தான் முன்னால். நெம்புகோல் கணக்குப்படி வாலில் 1 கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் 3 கிராம் வேண்டும். வால்பகுதியில் 10 கிராம் பசை கூடுதலாகச் சேர்ந்தால், விமானம் மொத்தத்தில் 40 கிராம் கனத்துவிடுகிறது. இதனால் வாலின் மூட்டுகளில் பசையை மெல்லிய கோடாக இழுத்து, அட்டைத் துண்டால் வழித்து, மிஞ்சியதை எடுத்துவிட்டேன். வேகமாக முடிக்க வேண்டும் என்ற ஆசை எழும்போதெல்லாம் சமையலறைத் தராசில் வாலை எடைபோட்டுப் பார்த்தது பெரிதும் உதவியது. வீட்டில் முறுக்குக்கு மாவு அளக்கவிருந்தவர்களுக்கு அதில் மகிழ்ச்சியில்லை என்பது வேறு விஷயம்.

எடைமையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 விழுக்காட்டுக்குள் அமைய வேண்டும்; 20 சென்டிமீட்டர் இறக்கைக்கு அது 5 முதல் 6 சென்டிமீட்டர். பேட்டரியோடு சேர்த்து என் விமானம் 600 கிராமில் நின்றது. அதாவது இறக்கைப் பரப்பில் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 30 கிராம் சுமை. இந்த எண் ஏற ஏற விமானம் கீழே விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகமும் ஏறுகிறது. கற்றுக்கொள்பவரின் விரல்களோ அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை.

மோட்டாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2212 என்ற எண், உள்ளிருக்கும் ஸ்டேட்டரின், அதாவது சுழலாத கம்பிச்சுருள் பகுதியின், விட்டம் 22 மில்லிமீட்டர், உயரம் 12 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. 1000 கேவி என்றால் சுமையில்லாத நிலையில் 1 வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று. 11.1 வோல்ட் கொண்ட மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியுடனும் 10 அங்குல விட்டமும் 4.5 அங்குலப் புரியும் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) கொண்ட புரொப்பல்லருடனும் அது சுமார் 800 கிராம் இழுவிசை தருகிறது. 600 கிராம் விமானத்துக்கு இது தாராளம். மோட்டாரை நேராகப் பொருத்தாமல் வலப்புறமாகவும் கீழ்நோக்கியும் 2 அல்லது 3 பாகை சாய்த்துப் பொருத்துவதற்குக் காரணம் உண்டு. பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுழலும் புரொப்பல்லர் விமானத்தின் மூக்கை இடப்பக்கம் தள்ளும்; விசையைக் கூட்டினால் மேல்இறக்கை விமானம் மூக்கை உயர்த்தும். இந்தச் சாய்வு அவ்விரண்டையும் தணிக்கிறது. மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றிச் செருகினால் போதும். சர்வோக்களைச் சரிபார்க்கும் வேளையில் புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட வேண்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் நின்றுபோகும்படி ஃபெயில்சேஃப் அமைப்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டிய வேலை.

கட்டியது நங்கநல்லூரில் என்றாலும் இங்கே பறக்கவிட வழியில்லை. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் நம் மாதிரி விமானங்களையும் கணக்கில் கொள்கின்றன. பொழுதுபோக்குக்காக, கண்பார்வைக்குள் பறக்கவிடப்படும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாதிரி விமானத்துக்கு, அதன் வடிவமைப்புக்கு ஒப்புதல் தரும் வகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் வான்வெளி மண்டலக் கட்டுப்பாடு அதற்கும் பொருந்தும். விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள், முன்அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலம் கிடையாது; 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரமே எல்லை; அதற்கு அப்பால் 400 அடி. சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்தை மையமாக வைத்துப் பார்த்தால் மடிப்பாக்கம், வேளச்சேரி, கிண்டி, பல்லாவரம் அனைத்தும் முதல் வட்டத்துக்குள் அடங்கிவிடும். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் வேறு இருக்கிறது. டிரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் திருப்போரூர்ப் பக்கம் அறுவடை முடிந்த ஒரு வயலை, உரிமையாளரிடம் சொல்லிவிட்டுப் பயன்படுத்துகிறோம்.

பெரம்பூர் உறுப்பினர்:

நங்கநல்லூர் நண்பர் எழுதியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உடன்படுகிறேன். ஹாட் க்ளூவை அவர் சற்று அதிகமாகவே குற்றவாளி ஆக்கிவிட்டார் என்பது மட்டும் என் எண்ணம். மூக்குப் பகுதியில் எப்படியும் எடை தேவைப்படுகிறது. அந்த எடை ஈயத் துண்டாக வருவதைவிட, மோட்டார் தாங்கும் பிளைவுட்டைச் சுற்றி வலுவூட்டலாக வருவது மேல். நான் அந்த ஒரு மூட்டுக்கு மட்டும் ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சிப் பசை இடுகிறேன். புரொப்பல்லரின் அதிர்வு நேரே அங்கேதான் போய்ச் சேரும்; வெறும் ஹாட் க்ளூ, மோட்டார் சூடேறும்போது நெகிழத் தொடங்கும்.

ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கிட்டோடு வந்த தட்டை இறக்கைக்குப் பதிலாகப் படியிறக்கை ஒன்றைச் செய்து பார்த்தேன். ரிச்சர்ட் கிளைன், ஃபிலாய்ட் ஃபோகல்மன் என்ற இரு அமெரிக்கர்கள் 1972-இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. காகித விமானத்தில் பிறந்த யோசனை. இறக்கையின் மேற்பரப்பில், முன்விளிம்பிலிருந்து பாதி அகலம் வரை இன்னொரு ஃபோம் தகட்டை ஒட்டினால், நடுவில் ஒரு படி உருவாகிறது. பெரிய விமானங்களுக்கு இதனால் ஆதாயம் இல்லை என்றே சோதனைகள் காட்டின. ஆனால் மெதுவாகப் பறக்கும் சிறிய ஃபோம் விமானத்துக்கு இது ஏற்றதாக இருப்பதோடு, இரட்டைத் தகடு இறக்கையை விறைப்பாக்கிவிடுகிறது. கூடும் எடையும் எடைமையத்தை ஒட்டியே அமைவதால் சமநிலை அதிகம் குலைவதில்லை. எடை எங்கே சேர்கிறது என்ற உங்கள் கேள்விக்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

கேளம்பாக்கம் உறுப்பினர்:

நானும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் சேர்ந்து இதே அளவிலான கிட்டைக் கட்டினோம். பெரம்பூர் ஐயா சொல்லும் படியிறக்கையை அடுத்த முறை முயல்வோம். இப்போதைக்கு எங்களுக்குக் கிடைத்த பாடங்கள் காற்றைப் பற்றியவை.

கோடைக்காலத்தில் இந்தப் பகுதியில் விடியற்காலைக் காற்று அநேகமாக அடங்கியே இருக்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று புகுந்துவிட்டால், தரையில் நிற்பவருக்கு இதமாகத் தோன்றும் அந்தக் காற்றில், 600 கிராம் விமானம் எதிர்த்து முன்னேற முடியாமல் ஒரே இடத்தில் தொங்குவதைப் பார்க்கலாம். காற்றோடு திரும்பினாலோ நொடிகளில் வெகுதூரம் அடித்துச் செல்லப்படும். ஆகவே காலை ஆறு மணிக்குத் தொடங்கி, தென்னை ஓலைகள் விடாமல் அசையத் தொடங்கியதும் பொருட்களைக் கட்டிவிடுகிறோம். விமானத்தைக் கையால் வீசும்போதும் காற்றுக்கு எதிராகவே, இறக்கை மட்டமாக, மூக்கை உயர்த்தாமல் வீச வேண்டும். மூக்கை உயர்த்தி வீசினால் வேகம் பிடிப்பதற்குள் தடுமாறிச் சரிந்துவிடும்.

ஒரு காலையில் கரும்பருந்து ஒன்று எங்கள் விமானத்தின் மேலே வந்து வட்டமிட்டது. அது விளையாட்டாகத் தொடர்கிறது என்று முதலில் எண்ணினோம். இரண்டாவது வட்டத்தில் கால்களை நீட்டி இறங்கியதும் அதன் கருத்து வேறு என்று புரிந்தது. மகள் உடனே விசையைக் குறைத்து, வயலின் மறுகோடியிலேயே விமானத்தை இறக்கிவிட்டாள். புரொப்பல்லர் பறவையின் காலை வெட்டிவிடக்கூடும் என்பதால், வேடிக்கை பார்ப்பவர்கள் எவ்வளவு ஆர்வமூட்டினாலும் பருந்து வந்தால் பறத்தலை நிறுத்துவது என்று வைத்திருக்கிறோம்.

உறுப்பினர்களிடம் ஒரு கேள்வி. மே மாத வெயிலில் மூடிய காரின் பின்னிருக்கையில் இறக்கையைச் சாய்த்து வைத்திருந்தோம். இப்போது இடப்பக்க இறக்கை சற்று முறுக்கிக்கொண்டு, விமானம் ஒரு பக்கமாகவே சாய்கிறது. ரிமோட்டில் டிரிம் வைத்து, அதாவது மடல்களின் நடுநிலையைச் சற்று நகர்த்தி, சமாளிப்பதா, புதிய இறக்கை செய்வதா?

அம்பத்தூர் உறுப்பினர்:

அம்மா, இறக்கைக்கான விடையை மற்றவர்கள் சொல்லட்டும். அந்தக் காரில் லிப்போ பேட்டரியும் இருந்ததா என்பதே என் கவலை. வெப்பத்தில் பேட்டரி உப்பிவிடும்; உப்பியதை மீண்டும் சார்ஜ் செய்வது தீயை வரவழைப்பதாகும். முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட்; பறக்காத நாட்களில் 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். எந்நிலையிலும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. 1300 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியை 1.3 ஆம்பியர் மின்னோட்டத்தில் சார்ஜ் செய்வதே பாதுகாப்பானது. செல்களைச் சம அளவில் நிரப்பும் பேலன்ஸ் சார்ஜரில், கண்முன்னே வைத்துத்தான் சார்ஜ் செய்ய வேண்டும்.

நங்கநல்லூர் உறுப்பினர்:

கேளம்பாக்கம் சகோதரிக்கு: டிரிம் வைத்தால் ஒரு வேகத்தில் நேராகப் பறக்கும், வேகம் மாறியதும் மறுபடி சாயும், எனவே முறுக்கையே எடுத்துவிடுவது நல்லது. முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில், ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே காட்டி, இறக்கையை எதிர்ப்பக்கமாகச் சிறிது அதிகமாகவே முறுக்கிப் பிடித்து ஆறவிடுங்கள். கையை எடுத்ததும் கொஞ்சம் பின்வாங்கும். பிறகு கண்ணாடி மேசையில் கிடத்தி, இரு பக்கங்களின் பின்விளிம்பு உயரத்தையும் அளவுகோலால் ஒப்பிட்டுப் பாருங்கள். இறக்கையின் இரு முனைகளிலும் பின்விளிம்பு ஒரே அளவில் 2 பாகை மேலே இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டியதில்லை. வேகம் குறையும்போது முனைகள் முதலில் தூக்கும் விசையை இழந்து விமானம் கவிழ்வதை அது தடுக்கும். இரண்டு முனைகளும் வேறுபட்டால் மட்டும் மீண்டும் சூடுகாட்டுங்கள். கார்பன் குழாய் இறக்கையோடு ஒட்டப்பட்டிருந்தால், சூடுகாட்டுவதற்கு முன் அந்த ஒட்டு விட்டிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். விட்டிருந்தால், முறுக்கை எடுத்த பிறகு, இறக்கை மேசையில் மட்டமாகக் கிடக்கும் நிலையிலேயே குழாயைத் திரும்ப ஒட்ட வேண்டும்.