பழ ஈயில் ஆயுட்கால சோதனை: சேலம் வெயிலில் முடியுமா? மஞ்சளா, ஈஸ்ட் குறைப்பா?

விலங்கியல்_சேலம்

வணக்கம். சேலத்தில் முதுகலை விலங்கியல் மாணவர்கள் ஆறு பேருக்கு முதுமை உயிரியலில் ஒரு ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்ற பழ ஈயில் ஆயுட்காலம் அளப்பது என்று முடிவாகிவிட்டது. சுண்டெலி என்றால் நெறிக்குழு அனுமதி, மூன்று ஆண்டுக் காத்திருப்பு. ஈக்கு அது இரண்டும் இல்லை.

கையில் இருப்பது பழைய பி.ஓ.டி. இன்குபேட்டர் (சூட்டை ஒரே அளவில் வைக்கும் பெட்டி) ஒன்று, ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் இரண்டு, நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கலரிமீட்டர் ஒன்று, 25 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குப்பிகள் 200.

மஞ்சள் நம்ம ஊர்ப் பொருள் என்பதால் அதைக் கலந்து கொடுத்துப் பார்க்க மாணவர்களுக்கு ஆசை. அதைவிட உணவில் ஈஸ்ட்டைக் குறைத்துப் பார்ப்பது மேலா? மார்ச் பிறந்தால் ஆய்வகம் 35 டிகிரியைத் தாண்டும், மின்தடையும் உண்டு. ஒரு மாணவியின் வீடு ஏற்காட்டில் இருக்கிறது. குப்பிகளை அங்கே வைக்கலாமா? வெல்லம், ரவை கலந்த வழக்கமான உணவே போதுமா? எத்தனை ஈ வேண்டும்?

மரபணு_மேசை

மேடம், ஏற்காடு வேண்டாம். தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள ஈயால் முடியாது. குளிரில் வைத்தால் ஆயுள் நீளும், சூட்டில் சுருங்கும். லோப், நார்த்ராப் இருவரும் 1917-லேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். 25 டிகிரியில் நல்ல வம்சத்துப் பெண் ஈக்களில் பாதிக்கு மேல் 60 நாளைக் கடக்கும். 18 டிகிரியில் 100 நாளும் தாண்டலாம். 29 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஏற்காட்டில் தை மாத இரவுக்கும் நண்பகலுக்கும் நடுவில் 10 டிகிரி வித்தியாசம் வரும். அங்கே கிடைக்கும் எண்ணை வேறு எந்த ஆய்வோடும் ஒப்பிட முடியாது. ஒரு குழுவை மலையிலும் ஒரு குழுவைக் கீழேயும் வைத்தால் இன்னும் மோசம். நீங்கள் அளப்பது உணவை அல்ல, 1,500 மீட்டர் உயரத்தை. போதாததற்கு 20 கொண்டை ஊசி வளைவிலும் குப்பி குலுங்கி, ஈக்கள் உணவில் ஒட்டிச் சாகும்.

உங்கள் பி.ஓ.டி.யே போதும், ஆனால் அதை நம்பிவிடாதீர்கள். 25 டிகிரி என்று முகப்பில் காட்டும். மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் 2 டிகிரி வித்தியாசம் இருக்கலாம். ஒவ்வொரு தட்டிலும் தண்ணீர்க் குப்பிக்குள் ஒரு தெர்மாமீட்டரை நிறுத்தி ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். எல்லா உணவுக் குழுக்களின் குப்பிகளையும் எல்லாத் தட்டிலும் கலந்து அடுக்கி, உணவு மாற்றும்போதெல்லாம் இடம் மாற்றுங்கள். உள்ளே ஓடும் விசிறி காற்றை வறட்டும். குப்பித் தட்டை மூடி தளர்ந்த பிளாஸ்டிக் டப்புக்குள் வைத்து, கரையாத உப்பு அடியில் தங்கும் அளவுக்குக் கெட்டியான சாதா உப்புக் கரைசலை ஒரு கிண்ணத்தில் வையுங்கள். ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி நிற்கும். விளக்கு 12 மணி நேரம் எரிய, 12 மணி நேரம் அணைய டைமர் போடுங்கள்.

மின்தடைக்கு: அடித்தட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் பத்து வையுங்கள், சூடு மெதுவாக ஏறும். தடை நீண்டால் குப்பிகளைத் தெர்மோகோல் பெட்டிக்கு மாற்றுங்கள். ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி ஓரத்தில் வையுங்கள், குப்பியைத் தொடக்கூடாது. கதவில் குறைந்தபட்ச, அதிகபட்ச தெர்மாமீட்டர் ஒன்று தொங்கட்டும். தினமும் இரண்டையும் எழுதிவைத்தால் பிறகு ஒரே நாளில் 15 ஈ செத்ததற்குக் காரணம் தெரியும். டிசம்பர் தொடக்கத்தில் ஈக்கள் பொரியும்படி பார்த்துக்கொண்டால் பெரும்பகுதி சாவு ஏப்ரலுக்கு முன் முடிந்துவிடும்.

ஈயை மாம்பழத் தோலிலிருந்து பிடிக்காதீர்கள். அனனாஸே போன்ற வேறு டிரோசோஃபிலா இனம் கலந்திருக்கும், உண்ணிகளும் கூடவே வரும். மைசூர் பல்கலைக்கழகத்தின் டிரோசோஃபிலா இருப்பு மையத்தில் ஓரிகன்-கே வம்சம் வாங்குங்கள். வந்ததும் இரண்டு தலைமுறை உங்கள் சூட்டில், உங்கள் உணவில் வளருங்கள். அதற்கு மூன்று, நான்கு வாரம் ஒதுக்க வேண்டும். புழுப் பருவத்தில் நெரிசல் இருந்தால் பெரியவை சின்னதாகப் பிறக்கும், ஆயுளும் மாறும். அதனால் குப்பிக்கு 50 முதல் 80 முட்டை என்று எண்ணிப் போடுங்கள்.

ஈஸ்ட்_அகார்

உணவைப் பற்றி நான் சொல்கிறேன். 100 கிராம் வெல்லம், 100 கிராம் ரவை, 10 கிராம் அகார், ஒரு லிட்டர் தண்ணீர், 7.5 மி.லி. புரோப்பியானிக் அமிலம் என்ற கலவை வம்சத்தை வளர்க்க அருமையானது. ஆயுட்கால சோதனைக்கு ஒத்துவராது. ஒரு வெல்லம் போல் இன்னொரு வெல்லம் இருப்பதில்லை. நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் போட்ட வெல்லமும் சந்தையில் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், மேலே தூவும் உயிருள்ள ஈஸ்ட். அது குப்பிக்குள் வளர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் குறைத்த புரதத்தை அது திரும்பச் சேர்த்துவிடும்.

சர்க்கரை, ஈஸ்ட், அகார் மட்டும் உள்ள கலவைக்கு மாறுங்கள். ஒரு லிட்டருக்கு வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், அகார் 15 கிராம், உலர் ஈஸ்ட் 100 கிராம். இதுதான் நடுக்குழு. குறைந்த குழுவுக்கு ஈஸ்ட் 50 கிராம், மிகைக் குழுவுக்கு 200 கிராம். சர்க்கரையைத் தொடாதீர்கள். இரண்டையும் சேர்த்துக் குறைத்தால் எதனால் ஆயுள் மாறியது என்று பிரிக்க முடியாது. ஈயில் ஆயுளை அதிகம் அசைப்பது ஈஸ்ட்டிலுள்ள அமினோ அமிலங்கள். செல்லுக்குள் ஊட்டத்தை உணரும் டார் என்ற புரத வழித்தடமும் இன்சுலின் வழித்தடமும் அவற்றுக்கு அசைந்து கொடுக்கின்றன. 50-க்கும் கீழே போனால் நீண்ட ஆயுள் வராது, வெறும் பட்டினிச் சாவுதான் வரும். நேரமும் ஆளும் இருந்தால் 10 கிராம் குழு ஒன்றைச் சேர்த்து அந்தச் சரிவையும் பாருங்கள். வளைவின் இரண்டு பக்கமும் தெரிந்தால்தான் அது கட்டுப்பாடு, பட்டினி அல்ல என்று நிரூபணம் ஆகும்.

சமைக்கும் முறை: அகாரைத் தண்ணீரில் முழுதும் கரையும்வரை கொதிக்க விட்டு, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு மறுபடி கொதி வரவேண்டும். பேக்கரி ஈஸ்ட் என்றால் 10 நிமிடமாவது கொதிக்கட்டும், உயிர் போக வேண்டும். பொங்கும், பாதிக்கு மேல் நிரம்பாத பாத்திரம் எடுங்கள். 60 டிகிரிக்கு ஆறியபின் புரோப்பியானிக் அமிலம் 3 மி.லி., எத்தனாலில் 10 சதவீதமாகக் கரைத்த நிபாஜின் என்ற பூஞ்சைத் தடுப்பி 30 மி.லி. சேர்த்துக் கலக்குங்கள். சூடாக இருக்கும்போதே ஊற்றினால் எத்தனாலும் அமிலமும் ஆவியாகும், நான்காம் நாள் பூஞ்சை பிடிக்கும். குப்பிக்கு 6 மி.லி. ஊற்றி, மெல்லிய துணி போட்டு ஓர் இரவு ஆறவிடுங்கள். சுவரில் நீர்த்துளி நின்றால் ஈ சிறகு ஒட்டிச் சாகும்.

கொள்முதல் கணக்கு: மூன்று குழு, குழுவுக்கு 200 ஈ, குப்பிக்கு 20 ஈ என்றால் 30 குப்பி. வாரம் மூன்று மாற்றம், 13 வாரம். மொத்தம் 7 லிட்டர் உணவு. ஈஸ்ட் ஏறக்குறைய 820 கிராம், சர்க்கரை 350, அகார் 105, நிபாஜின் 21 கிராம், புரோப்பியானிக் அமிலம் 21 மி.லி. சிந்துவதற்கும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு கூட வாங்குங்கள். ஈஸ்ட் முழுவதும் ஒரே தயாரிப்பு எண்ணில் இருக்க வேண்டும். பாதியில் பாக்கெட் மாறினால் சோதனையும் மாறிவிட்டது என்று பொருள்.

உயிர்ப்புள்ளியியல்

குழுவுக்கு 200 என்பது நல்ல எண். 100-க்குக் கீழே போகாதீர்கள். ஒரே நாளில் பொரித்தவற்றை இரண்டு நாள் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்க விட்டு, பிறகு பெண்களை மட்டும் பிரியுங்கள். உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பெண்தான் தெளிவாகப் பதில் சொல்லும். மயக்க ஈதர் வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு கொடுங்கள், சில நிமிடம் மட்டும். அதற்குப்பின் மயக்கமே கூடாது. புதுக் குப்பியின் வாயில் பழைய குப்பியைக் கவிழ்த்துத் தட்டி மாற்ற வேண்டும். மூன்று நாளுக்கு மேல் ஒரே குப்பியில் விட்டால் புழுக்கள் உணவைக் கூழாக்கும், தாய் ஈ அதில் மூழ்கும்.

பதிவில் மூன்று கட்டம் போதும்: செத்தது, தப்பியது, கூட வந்த பிணம். அடுத்த குப்பிக்குள் விழுந்த பிணத்தை மறுபடி எண்ணுவதுதான் மாணவர் பதிவேடுகளில் அடிக்கடி வரும் பிழை. பறந்து தப்பியதையும் பஞ்சில் நசுங்கியதையும் சாவாக எண்ணாதீர்கள். அந்த நாள்வரை உயிரோடு இருந்தது என்று குறித்து, அதற்குப் பிறகு மட்டும் கணக்கிலிருந்து விலக்குங்கள். எந்த நாளில் எவ்வளவு ஈ உயிரோடு இருந்தது என்று காட்டும் காப்லான்-மேயர் வளைவு, குழுக்களின் வளைவுகளை ஒப்பிடும் லாக்-ரேங்க் சோதனை இரண்டும் ஆர் மென்பொருளில் சர்வைவல் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும். எந்தக் குப்பி எந்தக் குழு என்பது எண்ணும் மாணவருக்குத் தெரியக்கூடாது. ஈஸ்ட் அடர்த்தியில் நிறம் காட்டிக்கொடுக்கும், அதனால் குப்பியின் அடிப்பகுதியில் தாள் சுற்றுங்கள்.

25 டிகிரியில் நடுக்குழுவின் பாதி ஈக்கள் 40 நாளுக்குள் செத்தால் ப்ராஜெக்டை நிறுத்திக் காரணம் தேடுங்கள். நோயுற்ற கண்ட்ரோலோடு (ஒப்பீட்டுக் குழுவோடு) ஒப்பிட்டால் எதைக் கொடுத்தாலும் ஆயுள் கூடியதுபோலத் தெரியும். சுண்டெலி ஆய்வுகளிலும் இதே குற்றச்சாட்டு உண்டு. கண்ட்ரோல் எலிகள் 900 நாளை ஒட்டி வாழாவிட்டால் முடிவை ஏற்கத் தயங்க வேண்டும் என்று 2023-இல் ஒரு கட்டுரை வாதிட்டது.

விலங்கியல்_சேலம்

மிக்க நன்றி. அப்படியென்றால் மஞ்சளை முழுதும் விட்டுவிட வேண்டுமா? இன்னொன்று: நடுவயதில் உணவை மாற்றினாலும் பலன் உண்டு என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அதை இதிலேயே பார்க்க முடியுமா?

மரபணு_மேசை

மஞ்சளை முதல் ஆண்டுக்கு விடுங்கள். மஞ்சளிலுள்ள குர்க்குமின் ஈயில் ஆயுளைக் கூட்டியதாகச் சில ஆய்வுகள் உண்டு. ஆனால் அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்களில் ஒரே நேரத்தில் சுண்டெலிகளில் ஆயுளைக் கூட்டும் பொருள்களைச் சோதிக்கும் ஐ.டி.பி. திட்டத்தில் குர்க்குமின், ரெஸ்வெரட்ரால், பச்சைத் தேயிலைச் சாறு எதுவும் ஆயுளைக் கூட்டவில்லை. 2013-இல் அது வெளியானது. அதே திட்டத்தில் 600 நாள் வயதான எலிக்கு ராபமைசின் என்ற மருந்தைக் கொடுத்தபோது, 90 சதவீதம் செத்த வயது பெண்ணில் 14 சதவீதமும் ஆணில் 9 சதவீதமும் தள்ளிப்போனது, 2009-இல். ராபமைசின் அடிக்கிற இடம் அதே டார். ஈஸ்ட் குறைப்பை நான் விரும்புவதற்கும் அதுதான் காரணம். மாணவர்கள் தொடுவது உண்மையான ஒரு நெம்புகோலை.

மஞ்சளைப் பிறகு செய்தாலும் கசப்பால் ஈ குறைவாகத் தின்னும், அப்போது மஞ்சள் என்ற பெயரில் உணவுக் கட்டுப்பாட்டை அளப்பீர்கள். அதனால் தின்ற அளவைக் காட்டியாக வேண்டும். உணவில் பிரில்லியன்ட் புளூ சாயம் கலந்து 30 நிமிடம் தின்னவிட்டு, பத்து ஈயைத் தண்ணீரில் நசுக்கி வடித்து, 630 நானோமீட்டரை ஒட்டிய வடிகட்டியில் உங்கள் கலரிமீட்டரிலேயே படிக்கலாம். நேரம் நீண்டால் சாயம் எச்சமாக வெளியேறிக் கணக்கு தவறும். லீ பஜாரில் விரலி மஞ்சள் வாங்கி நீங்களே அரையுங்கள். கடைத்தூளில் நிறக் கலப்படம் இருக்கலாம். குர்க்குமினை எத்தனாலில் கரைத்தால் அதே அளவு எத்தனால் கண்ட்ரோலுக்கும் போக வேண்டும்.

உயிர்ப்புள்ளியியல்

உணவு மாற்றத்தைப் பார்க்கலாம், கட்டாயம் பாருங்கள். 2003-இல் மேர், பார்ட்ரிட்ஜ் குழு கண்டது இதுதான்: முழு உணவு தின்ற ஈயைக் குறை உணவுக்கு மாற்றிய இரண்டு நாளில், பிறந்ததிலிருந்து குறை உணவு தின்ற ஈயின் அளவுக்கு அதன் சாகும் வாய்ப்பு இறங்கிவிடுகிறது. சூட்டைக் குறைத்தபோது அப்படி இல்லை, முன்பு வெப்பத்தில் பட்ட சேதம் அப்படியே தங்கிவிட்டது. முதுமை என்பது திரும்பாத தேய்மானமா, அன்றைய நிலையைப் பொறுத்த அபாயமா என்ற கேள்வியை இவ்வளவு எளிய ஈ பிரித்துக் காட்டுகிறது.

ஆனால் 200 ஈயில் அந்த இரண்டு நாள் வீழ்ச்சி கண்ணுக்குத் தெரியாது. 25-ஆம் நாளில் ஒன்றோ இரண்டோதான் சாகும். மாற்றுவதற்கென்றே தனியாக 400 ஈயை 200 கிராம் உணவில் வளர்த்து, கால்வாசி செத்த நாளில் மீதியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 50 கிராமுக்கு மாற்றுங்கள். ஐந்து ஐந்து நாளாகத் தொகுத்து, அந்த ஐந்து நாளில் செத்தவற்றை அதன் தொடக்கத்தில் உயிரோடு இருந்தவற்றால் வகுத்து, லாக் அளவில் வரையுங்கள். பிரிக்கும் நாளில் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், மாணவர் கையால் தேர்ந்தால் சுறுசுறுப்பானவை ஒரே பக்கம் சேரும். இதற்கு 20 குப்பி கூடும், உணவு ஏறக்குறைய 4.5 லிட்டர் கூடும், 200 கிராம் கலவை என்பதால் ஈஸ்ட்டை இன்னும் ஒரு கிலோவாவது சேர்த்து ஆர்டர் போடுங்கள்.