தராசு சரியான்னு கேட்டா திமிரா? அப்ப உண்மையான திமிர்னா என்னங்க?

பாம்பன்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க. எங்க அப்பா வள்ளத்துல நண்டு வலை போடுறவரு. வலைக்கும் எஞ்சினுக்கும் ஒரு வியாபாரிட்ட முன்பணம் வாங்கியிருக்காரு, அதனால படுற நண்டெல்லாம் அவருக்குத்தான் போகணும், வெலையும் அவரு வைக்கிறதுதான். இந்தக் கரையில பாதி வீட்ல இதுதான் கதை, அத குறை சொல்ல வரல.

நான் ராம்நாட்ல ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். லீவுக்கு வந்தப்ப கரைக்கு போயிருந்தேன், மீன்பிடி தடைக்காலம் வேற, விசைப்படகு எதுவும் போகாததால சரக்குக்கு நல்ல கிராக்கி. கூடைய வைக்கிறதுக்கு முன்னாடியே அந்த எலக்ட்ரானிக் தராசுல மைனஸ்ல ஒரு நம்பர் நின்னுச்சு. "அண்ணே, அத சைபருக்கு கொண்டாந்துட்டு எடை போடுங்களேன்"னுதான் கேட்டேன், சத்தியமா சத்தம் கூட போடல. அதுக்கு அவரு "ஒங்க அப்பனே இத்தன வருசத்துல ஒரு வார்த்த கேட்டதில்ல, நீ யாரு கேக்க, படிச்ச திமிரு"ன்னுட்டாரு. சுத்தி நின்னவங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல, அப்பாவும்தான்.

வீட்டுக்கு வந்தா அம்மா ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம். சித்தி சொல்றாங்க எனக்கு எப்பவுமே மண்டக்கனம்தானாம், ரோட்ல போனா யாரையும் பாத்து சிரிக்கிறதில்லயாம். எனக்கு கூச்சம், அதான் நெசம். பேசாம போனாலும் திமிரு, வாயத் தொறந்தாலும் திமிருன்னா நெசமாவே திமிர் புடிச்ச ஆள எத வச்சு கண்டுபிடிக்கிறது? ஆறுதல் சொல்ல வேணாம், யோசிச்சு சொல்லுங்க.

சும்மா_படிக்கிறவன்:

வியாபாரிக்கு கோவம், ஒங்களுக்கு ரோஷம், நண்டுக்கு மட்டும் உசுரு போச்சு 😄

வடகடல்_ஓட்டி:

தங்கச்சி, கடலுக்கு போறவனுக்கு அடக்கம் தானா வந்துரும்னு வெளியூர்க்காரவுக பேசுவாக, நம்பாத. எங்க துறையில இருக்குற மண்டக்கனம் வேற எங்கயும் பாக்க முடியாது, ஜிபிஎஸ் வாங்குன மறுநாளே கடல் பூராம் தனக்கு பட்டா போட்டு குடுத்த மாதிரி பேசுற ஆளுக இருக்காக.

நான் சின்னப்பயலா ஒரு பெருசுகூட படகுக்கு போயிருக்கேன். அந்தாளு சிரிச்சு நான் பாத்ததே இல்ல. "வலைய எடு", "வாய மூடு", இம்புட்டுத்தான் பேச்சு. நீவாட்டு (கடல் நீரோட்டம்) ஓட்டத்த பாத்தே இங்கிட்டு பாரு (தண்ணிக்கடில பாறை) கெடக்கு, வலை கிழியும்னு சொல்லுவாரு, சொன்னா சொன்னதுதான். ஊரே அவர திமிர் புடிச்ச கிழவன்னுதான் சொல்லும். ஆனா ஒருநா ராத்திரி, எங்க கூட வந்த பொடியன், மீசை கூட மொளைக்கல, "பெரியப்பா நீவாடு மாறிருச்சு, நம்ம வலை பாருமேல போகுது"ன்னான். நான் நெனச்சேன் இன்னைக்கு இவனுக்கு அடி நிச்சயம்னு. பெருசு கைய தண்ணில விட்டு பாத்துச்சு, "ஆமாடா, இழு"ன்னுச்சு. அம்புட்டுத்தான், வேற பேச்சே இல்ல.

இன்னொருத்தரு இருந்தாரு, வாய் நெறைய தம்பி தம்பின்னுவாரு, டீ வாங்கி குடுப்பாரு. ஆனா காத்து ஏறுதுண்ணே திரும்பிருவோம்னு கூலியாளு யாராச்சும் சொன்னா, அந்த ஒரு காரணத்துக்காகவே இன்னும் அரை மணி நேரம் ஓட்டுவாரு. எனக்கு அவருதான் திமிர் புடிச்ச ஆளு. மொகத்த பாத்தெல்லாம் சொல்ல முடியாது தங்கச்சி, கீழ இருக்குறவன் சரியா ஒன்ன சொல்றப்ப என்ன செய்றான்னு பாரு.

கீழக்கரையான்:

அண்ணன் சொன்னதுதான் எங்க மார்க்கத்துலயும் இருக்கு. மனசுல அணுவளவு பெருமை இருந்தாலும் சொர்க்கத்துக்குள்ள போக முடியாதுன்னு நபி (ஸல்) சொன்னப்ப ஒருத்தர் கேட்டாரு, நல்ல துணி நல்ல செருப்பு போடணும்னு ஆசப்படுறானே, அதுவும் பெருமையான்னு. இல்ல, அல்லாஹ் அழகானவன், அழக விரும்புறவன், பெருமைங்குறது உண்மைய ஏத்துக்காம தள்ளுறதும் மனுசன மட்டமா பாக்குறதும்தான்னு பதில். இப்னு மஸ்ஊத் (ரலி) சொன்னதா முஸ்லிம் ஹதீஸ் தொகுப்புல இருக்கு.

ரெண்டு விசயம்தான் பாருங்க. நடை, சிரிப்பு, படிப்பு எதுவும் அந்தக் கணக்குல வரல. எங்க ஊர்ல வெளிநாட்டு காசு வந்து வீடு பெருசா கட்டுனா போதும், பெருமை புடிச்சவன்னு பேர் வச்சுருவாக, அதே ஆளு வேலைக்காரன்ட்ட தப்பு கணக்கு போட்டா அத கேக்க ஆளு இருக்காது. தங்கச்சி நீங்க ரோட்ல சிரிக்காததுக்கு எந்த மலக்கும் (வானவரும்) பாவம் எழுத மாட்டாக, சித்திதான் எழுதுவாக.

தொண்டி_டீச்சர்:

எல்லாரும் ஒரே பக்கமா பேசுறீங்க, நான் கொஞ்சம் மாத்தி பேசுறேன், கோவிச்சுக்காதம்மா. கூடையோட எடைய கழிக்கிறதுக்காக வெறுங்கூடைய வச்சு சைபர் பண்ணிட்டு எடுத்தா தராசு மைனஸ்லதான் நிக்கும். அது ஏமாத்தா இருக்கணும்னு இல்ல. நீ அவர திருடன்னு சொல்லல, ஆனா நாலு பேரு முன்னாடி அவரு காதுல அப்படித்தான் விழுந்திருக்கும்.

ஆனா அவரு வெறுங்கூடைய வச்சு "இந்தா பாரு சைபர்"னு காட்டிருக்கலாமே, ஒரு நிமிசம் ஆகுமா? அத விட்டுட்டு "நீ யாரு"ன்னு கேட்டாரு பாரு, அங்கதான் எனக்கு அவரு மேல சந்தேகம் வருது, தராசு மேல இல்ல. அவரு தராசு சரியாவே இருந்தாலும் அந்தப் பதில் திமிர்தான்.

"தன்னை வியந்தான் விரைந்து கெடும்"னு முடியிற 474வது குறள் அடக்கமுடைமைல இருக்கும்னுதான் பசங்க எல்லாரும் எழுதுவாங்க. அது வலியறிதல் அதிகாரத்துல இருக்கு. தன் அளவு தெரியாதவன்ங்குறத அதுலயே 'அளவறியான்'னு சொல்லிருப்பாரு. அடுத்த குறள்தான் மயிலிறகுகூட அளவுக்கு மேல ஏத்துனா வண்டி அச்சு முறியும்ங்குறது. அரசனுக்கு படை பலத்த எடை போட சொல்லிக் குடுக்குற எடத்துல இத கொண்டுவந்து வச்சிருக்காரு, எனக்கு அது எப்பவும் ஆச்சரியம். நீ ஒன் அளவு தெரிஞ்சுதான் கேட்ருக்க, எல்லார் நண்டையும் கேக்கல, ஒங்க அப்பா நண்ட கேட்ட.

ஒன்னு மட்டும் கேக்குறேன். கரைக்கு போறதுக்கு முன்னாடி அப்பாட்ட சொன்னியா? முன்பணம் அவரு தலையில இருக்கு, நீ ராம்நாட் போயிருவ, நாளைக்கு காலைல அந்த மொகத்த பாக்கப் போறது அவருதான்.

பாம்பன்_பொண்ணு:

டீச்சர், சொல்லிட்டுத்தான் போனேன், "வேணாம்டி"ன்னாரு, ஆனா போகாதன்னு சொல்லல. அண்ணே, அந்தப் பெருசு கதைய அப்பாகிட்ட சொன்னேன், அவருக்கும் ஒரு ஆள் ஞாபகம் வந்து அர மணி நேரம் பேசுனாரு, தராச பத்தி மட்டும் பேசல 🙂 கீழக்கரை காக்கா (அண்ணே), சித்தி எழுதுறது உண்மைதான், நோட்டே போட்டு வச்சிருக்காங்க. வெறுங்கூடைய வச்சு பாக்குறத அப்பாவே செய்யலாம்ல? நான் இல்லாதப்ப?

வடகடல்_ஓட்டி:

செய்யலாம். கூடைய கொட்டுனதும் அந்தக் காலிக் கூடைய திருப்பி தராசுலயே வைக்கச் சொல்லு, ஒன்னும் பேச வேணாம், சைபர் வந்தா சரி. அப்பறம் அந்தத் தராசுல முத்திரை போட்ட சீல் இருக்கணும், எலக்ட்ரானிக் தராசுக்கு வருசா வருசம் முத்திரை போடணும், தொழிலாளர் துறைல அதுக்குன்னே ஆய்வாளர் இருக்காக. ஆனா புகார் அது இதுன்னு இப்பவே போகாத, முன்பணக் கணக்கு எம்புட்டு பாக்கின்னு மொத ஒரு சீட்டுல எழுதி வாங்கு, அக்கவுண்ட்ஸ் படிச்ச புள்ள நீ.

சும்மா_படிக்கிறவன்:

சித்தி நோட்டுல இதையும் எழுதிருவாங்க